கல்லில் வெட்ட வேண்டிய பெயர்

மார்ச் 3, திங்கள்

தொழிற்சங்கச் செயலாளர் பட்டறைக்கே வந்துவிட்டார். யாருடையதோ மேல்தாடை அச்சில் சாந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் வெள்ளை. பல் செட் செய்கிறவளைப் பார்க்க இவ்வளவு பெரிய மனிதர் வருவானேன் என்று பார்த்தால், தாத்தாவுக்காக. பழைய நூற்பாலை வாசலில் பாய்லர் கவிஞருக்குக் கல் நடுகிறார்களாம்; ஆலை பாய்லரில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டிய தாத்தாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. "ஒரே வாரிசு உங்கப்பாதான். அவர் கையாலதான் திறக்கணும்" என்றார். கல்லில் வம்சமும் வெட்டப்போகிறார்கள். அப்பா பிறந்த தேதி வேண்டும்.

அப்பாவுக்கே அது சரியாகத் தெரியாது. வேலையில் கொடுத்தது பள்ளிக்கூடத்தில் குத்துமதிப்பாகச் சொன்ன தேதி. ஆலை தீப்பிடித்துத் தாத்தா இறந்தபோது வயிற்றில் இருந்தாராம், அவ்வளவுதான். அத்தையைக் கேட்க வேண்டும். அப்பாவுக்கு மூத்தவள், தீப்பிடித்தபோது விவரம் தெரிந்த பிள்ளை.

சாயங்காலம் முழுக்கத் தாத்தாவின் பாட்டுதான் வாயில்:

*கதவைப் பூட்டுறான், இடுப்பிலே சாவி —*
*கத்திக் கெடக்குறோம், மூச்சிலே ஆவி!*

இந்த ஊரில் இதைப் பாடாத தொழிலாளி இல்லை. வேலை நேரத்தில் ஆலைக் கதவைப் பூட்டிவைத்த மேஸ்திரியைப் பற்றியது. அந்தப் பூட்டினால்தான் தீப்பிடித்த அன்று தாத்தா வெளியே வர முடியவில்லை. சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டால் மோசமான வசவே 'சாவிக்காரா' என்பதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போய்வந்தேன். எழுத வரவில்லை. நாளைக்கு.

மார்ச் 10, திங்கள்

இன்று மேல்தாடையைக் கீழ்த்தாடை என்று நினைத்து மெழுகு வைத்துவிட்டேன். முதலாளி ஒருமாதிரி பார்த்தார்.

எழுதிவிடுகிறேன். அத்தை தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தீப்பிடிச்சு எத்தனை மாசம் கழிச்சு அப்பா பொறந்தாரு?"

"மாசமா? ரெண்டு வருஷம் கழிச்சு."

வயசானவள், தடுமாறுகிறாள் என்று சிரித்தேன். "கணக்கு உதைக்குதே அத்தை."

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்கப்பன் எங்கப்பாவுக்குப் பொறக்கல."

"பின்னே யாருக்கு?"

"சாவிக்காரருக்கு."

சாவிக்காரர். 'ர்' போட்டுச் சொன்னாள்! அந்த ஒரு எழுத்துதான் முதலில் என்னை அடித்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

தீக்குப் பிறகு அவர் தினமும் வந்து வாசலில் நிற்பாராம். பாட்டி கதவைச் சாத்துவாளாம். பிறகு ஒருநாள் சாத்தவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து பாட்டி, அத்தை, அவர் மூவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா அங்கே பிறந்தார். அவர் நடை பழகுவதற்குள் சாவிக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். சில வருஷம் கழித்துப் பாட்டி இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்து, இது கவிஞரின் பிள்ளை என்று வயதைக் கூட்டிச் சொன்னாள்.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"தெரிஞ்சிருந்தா தம்பிய இந்த ஊர் உயிரோட விட்டிருக்குமா? வாயில சொன்ன பொய் வாயோட போயிடும்னு இருந்தேன். கல்லுல வெட்டாதீங்கடி."

"அப்போ கவிஞருக்கு வாரிசே —"

"ஏன், நான் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

தெரியவில்லைதான். செயலாளருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பெண்பிள்ளை என்று அவளை யாருமே எண்ணவில்லை.

ஐயோ, எத்தனை தடவை பாடியிருக்கிறேன்! தொண்டை கிழியப் பாடியிருக்கேனே — யார ஏசினேன் நான்? எங்க சொந்தத் தாத்தாவையா? அந்த ஆளு ரத்தமா எனக்குள்ள ஓடுது? எந்தத் தாத்தாவுக்காக நான் அழணும் இப்போ?

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி?

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று அவரே கேட்டார். சொன்னேன். எண்ணெய் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் டப்பாவை வாங்கி நிமிர்த்தினேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அப்போ நான் ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டேனா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாகக் கேட்கவில்லை, மனுஷன் நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 15, சனி

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணாடி முன் நிற்கிறார். சவரம் செய்ய அல்ல.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குக் கிளம்பினார். பயந்துபோய்க் கூடவே ஓடினேன். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவாரோ?

"வாரிசுன்னு எங்கக்கா பேர வெட்டுங்க. அது மட்டும் போதும்" என்றார்.

"மகன் நீங்க இருக்கறப்ப அவங்க பேரு எதுக்குங்க?"

"மூத்த பிள்ளை அவதான். எம்பேரு கல்லுல இருந்தா நான் வரமாட்டேன்."

செயலாளர் பெருந்தன்மை என்று நினைத்துக் கண் கலங்கினார். அப்பா அவரைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அத்தைதான் கல்லைத் திறந்தாள். துணியை இழுக்கத் தெரியாமல் மொத்தமாகத் தலைமேல் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். அவள் பெயர் அப்பன் பெயருக்குக் கீழே. விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு கூட்டம் அந்தப் பாட்டை எடுத்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. அத்தை பாடினாள், அவள் அப்பாவின் பாட்டு ஆயிற்றே. ஆனால் பாடி முடிக்கும்வரை என் அப்பாவின் மணிக்கட்டை விடவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

அத்தை எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். காலையில் அப்பா, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த மனிதரைப் பற்றிக் கேட்டார்.

"அக்கா, அவரு என்னைத் தூக்கியிருக்காரா?"

"கையால தூக்க மாட்டாருடா. தீப்பிடிச்ச அன்னைக்குப் பழுக்கக் காய்ஞ்ச ஆலைக் கதவைத் திறக்கப்போயி ரெண்டு கையும் வெந்துபோச்சு. அப்புறம் விரலே மடங்கல. முழங்கையில உன்னை ஏந்திக்குவாரு. நீ தூங்கற வரைக்கும் நடப்பாரு."

அப்பா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அத்தை நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.