வெந்த இறால் நிறக் கட்டில்

அக்டோபர் 20, திங்கள்

பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. டிராம்மன் நகரவாசியும் என் தந்தையுமாகிய திருவாளர் தூர்கெய்ர் அவர்கள் இன்று மாலை என் கட்டிலுக்கு அடிக்க ஒரு டப்பா பெயிண்ட் வாங்கினார். கொடி எதுவும் ஏற்றப்படவில்லை.

யாருக்கோ கலக்கும்போது நிறம் தப்பிப்போன டப்பா. அதனால் பாதி விலை. "விடியற்கால மேகம் மாதிரி இல்ல?" என்கிறார். வெந்த இறால் மாதிரி இருக்கிறது. மேலே கொஞ்சம் மயோனைஸ் தடவினால் கட்டிலைப் பரிமாறிவிடலாம்.

எல்லாம் என்னைத் தன்னிடம் இழுக்கத்தான். என் வகுப்பில் பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா. நான் மட்டும் அம்மாவிடமே. அப்பாவின் ஃபிளாட்டில் ஒரே ஒரு படுக்கையறை. அதை எனக்கென்று ஒதுக்கிவிட்டு அவர் சோபாவில் படுக்கிறார். பழைய சாமான் கடையில் வாங்கிய பைன் மரக் கட்டில், இழுப்பறைப் பெட்டி. "பதினஞ்சு வயசாச்சு, முடிவு உன்னோடது" என்று அம்மா சொல்லிவிட்டாள். முடிவு இதோ: அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரிகூடப் படுக்க மாட்டேன். வேடிக்கை பார்க்க மட்டும் போவேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது. அப்பா பிரஷ் தேடிப் போனபோது பெயிண்ட் கடை அம்மா என்னிடம் சொன்னாள்: "பைன் மரமா தம்பி? கணுவையெல்லாம் முதல்ல அடைச்சிடுங்க. இல்லாட்டி பிசின் மேல வந்துடும்." தலையாட்டினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கைக்காசு செலவில்லாத குறும்பு இதுபோல் இன்னொன்று அமையாது.

அக்டோபர் 24, வெள்ளி

முதல் பூச்சு. அப்பாவின் காதுக்கும் சேர்த்து.

அக்டோபர் 29, புதன்

கட்டிலுக்கு அம்மை போட்டிருக்கிறது! கணு ஒவ்வொன்றும் மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது. மேலே இரண்டாவது பூச்சு அடித்தாராம். அதையும் தாண்டி வந்துவிட்டது. கத்துவார் என்று சிரிப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இதுலயும் சொதப்பிட்டேன், இல்ல?"

இதுலயும் — வேற எதுல?

சிரிப்பு வரல.

அக்டோபர் 30, வியாழன்

நானே கடைக்குப் போனேன். "வந்துடுச்சா?" என்று கேட்டாள் அந்த அம்மா, கணு அடைக்கும் பூச்சை எடுத்து வைத்தபடியே. அப்பாவிடம் கொடுத்து, முன்பே தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். அவர் உப்புத்தாளை நீட்டினார்.

"அப்ப முழுக் கட்டிலும் உனக்குத்தான். தேய்."

நவம்பர் 2, ஞாயிறு

தேய்த்தேன், அடைத்தேன், அடித்தேன். நார்வேயிலேயே என்னைப்போல் கணு அடைப்பவன் கிடையாது. அப்பாவுக்கு வாளி கழுவும் வேலை மட்டும் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கட்டிலில் படுப்பேன் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். ஒரு வாரமாக அங்கே என்ன செய்கிறாய், எப்போது வருகிறாய் என்றாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றேன்.

"இன்னுமா காயல?"

"குளிர்ல அப்படித்தாம்மா. இன்னும் ஒரு வாரம் ஆகும்."

"சரிடா, நல்லா காயட்டும்" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

பெயிண்ட் செவ்வாய்க்கிழமையே காய்ந்துவிட்டது. இதை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காயும்வரை பொறுக்காமல் திங்கட்கிழமையே படுத்ததில் பின்னந்தலை முடியெல்லாம் வெந்த இறால் நிறம்.