அழுகிற ஈயம்

நாள் 212. காலை 09.10

நிலவின் தென்முனை, விளிம்பு நிலையம். எழுதுவது ஆவுடையம்மாள், வேதியியலர். உடன் இருப்பவர் சிலுவைமுத்து மச்சாடோ. தூத்துக்குடிக்காரர், இயந்திரங்கள் அவர் பொறுப்பு. இருப்பது நாங்கள் இருவர்தான். அவரோ, 'இங்கே மூன்று பேர், மூன்றாவது ஆள் அக்காவின் வாய்' என்பார். இருபது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திய வாய், சும்மா கிடக்குமா?

ஆக்சிஜன் தொட்டிகள் ஆறும் வெளியே நிழலில், மைனஸ் நாற்பதில் நிற்கின்றன. மூன்றாவதில் அழுத்தம் கொஞ்சம் குறைவு. அளவிக் கோளாறாக இருக்கும்.

தரைநிலையச் செய்தி, சரக்குப் பொறுப்பாளர் பஞ்சாபகேசன்: "மேடம், இன்னும் ஒம்பது நாள்ல கப்பல் கெளம்பறது, நாலு பேரோட. உங்க தொட்டிகளுக்கு நீங்க கைப்பட எழுதின லிஸ்ட்டையே பாத்து கப்பல்லயும் எல்லா மூட்டுக்கும் ஈய வளையம் போட்டாச்சு. ஆறு மாசம் குளிர் அறையில வெச்சும் பாத்தாச்சு, ஒரு சொட்டு கசியல. ஈயத்துக்கு எங்க கும்பகோணத்த அடிச்சுக்க முடியுமா? ரசம்தான் பாக்கி!"

சிரித்தேன். அவருக்கு எதிலும் ரசம் வேண்டும்.

நாள் 217. காலை 11.25

மூன்றாம் தொட்டி காலி. அளவி பொய் சொல்லவில்லை. மச்சாடோ அதன் குழாய் மூட்டைக் கழற்றினார்.

உடுப்பு வானொலியில்: "யக்கா, வளையத்தக் காணோம். சாம்பப்பொடியாக் கெடக்கு. எலி கடிச்ச மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க."

மற்ற ஐந்தையும் அதே ஸ்பானரால் இறுக்கிவிட்டு வரச் சொன்னேன். சொன்னது நான்தான். ஸ்பானரில் அந்தப் பொடி ஒட்டியிருந்தது.

நாள் 219. மாலை 16.00

இரண்டு, ஐந்து, ஆறு காலி. நான்கு போய்க்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து வானொலியும் இல்லை. மேட்டில் நிற்கும் ஆன்டெனாவின் கம்பி மூட்டு விட்டுப்போயிருக்கிறது. அதைப் பற்றவைத்ததும் இதே ஈயத்தால்தான்.

பெட்டியிலிருந்து ஒரு புது வளையத்தை எடுத்துக் காதருகே வைத்து வளைத்தேன். கீச்சென்று அழுதது.

காரீயம் அழாது. வளைத்தால் அழுவது வெள்ளீயம்.

அட, அறிவு கெட்டவளே!

இதைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். தனிம அட்டவணையில் ஒரு வரிசை: கரி, சிலிக்கான், ஜெர்மேனியம், வெள்ளீயம், காரீயம். மேலே இருப்பவர்களுக்கு உலோகக் குணம் கிடையாது. கீழே இறங்க இறங்க அது கூடும். காரீயம் முழு உலோகம், எந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். வெள்ளீயம் இரண்டுங்கெட்டான். பதின்மூன்று டிகிரிக்கு மேலே தம்பி காரீயத்தைப் போல உலோகம். குளிர்ந்தால் மேலே இருக்கும் அண்ணன்மாரின் புத்தி வந்து, உள்கட்டு மாறி, பொடிந்துபோகும். பல மாதம் ஒன்றும் தெரியாது. தொடங்கினால் தொற்றும். பொடி பட்ட இடமெல்லாம் பொடியாகும். ஸ்பானரால் நானே பரப்பினேன்.

பட்டியலில் 'ஈய வளையம்' என்று எழுதினேன். நான் படித்த புத்தகத்தில் ஈயம் என்றால் காரீயம். மச்சாடோ ஊரில் வலைக்குக் கட்டுகிற குண்டு, அதுவும் காரீயம். பஞ்சாபகேசன் ஊரில் ஈயம் என்றால் ரசம் வைக்கிற சொம்பு. அது வெள்ளீயம். மனுஷர் ரசம் ரசம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். எடையை வைத்தாவது கைக்குத் தெரிந்திருக்கும். நிலவில் எல்லாமே இலேசு.

கப்பல் வளையங்கள் ஆறு மாதம் குளிரில் இருந்தவை. உள்ளே தொடங்கியிருக்கும். கிளம்புகிற குலுக்கலில் உதிர்ந்தால் நாலு பேரும் பாதி வழியில் மூச்சில்லாமல் நிற்பார்கள்.

நாள் 221. பகல் 13.05

கப்பல் இன்று 14.00 மணிக்குக் கிளம்புகிறது.

அறைக்குள் இருவருக்கும் பதினோரு மணி நேரக் காற்று. வெளியே போக ஒரே ஓர் உடுப்பில் ஐம்பது நிமிடக் காற்று. முதல் தொட்டியில் மட்டும் பாதி மிச்சம், அதுவும் கசிகிறது.

என் கதிர்வீச்சுக் கருவியின் உறை அசல் காரீயம். மச்சாடோ அதை வெட்டி உருக்கிவிட்டார். சின்ன வயதில் வலைக்குக் குண்டு வார்த்த கை. அதை வைத்து முதல் தொட்டியை அடைக்கலாம். இருபது நாள் இருப்போம். அல்லது ஆன்டெனாவைச் சரிசெய்து கப்பலை நிறுத்தலாம். ஐம்பது நிமிடத்தில் இரண்டும் முடியாது.

நான் தொட்டி என்றேன். கப்பல் ஒருவேளை தப்பித்து வந்துவிடும் என்றேன். உயிர் வாழ ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. மச்சாடோ உடுப்பை மாட்டி, வார்த்த காரீயக் குண்டை எடுத்துக்கொண்டு ஆன்டெனா மேட்டுப் பக்கம் நடந்தார்.

13.29

மச்சாடோ: "யக்கா, கம்பி ரெண்டுக்கும் நடுவுல குண்ட வச்சு நெரிச்சுப் பிடிச்சிருக்கேன். கைய எடுத்தா விட்டுப்போவும். பேசுங்க."

திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும், பத்து நிமிடம் பிடித்துவிட்டு வந்துவிடுங்கள் தம்பி என்றேன்.

"மொதல்ல நீங்க சொல்லி முடிங்க. எம்மவளுக்கு அடுத்த மாசம் புதுநன்மை, கோயில்ல மொத தடவ நற்கருணை வாங்கப்போறா. அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

13.44

ஏழு முறை அனுப்பினேன்: "நீங்கள் போட்டது வெறும் ஈயம். வெள்ளீயம். போட வேண்டியது காரீயம். குளிரில் அது பொடியாகும். எனவே கப்பலை நிறுத்துங்கள்."

மச்சாடோ திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவருக்கும் தெரியும்.

13.51

தரைநிலையம்: "மேடம்! உங்க குரலக் கேட்டதே போதும், ரெண்டு நாளா பெருமாள வேண்டிண்டிருந்தோம். விட்டு விட்டுத்தான் வர்றது. 'ஈயம்', 'போட வேண்டியது', 'கப்பல்'. இவ்வளவுதான் காதுல விழுந்தது. ஈயம்தானே? எல்லாத்துலயும் போட்டாச்சு, கவலையே படாதீங்கோ. இன்னும் ஒம்பது நிமிஷம்."

'நிறுத்து' என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். நான் பாடம் நடத்தினேன்.

13.55

நிறுத்து நிறுத்து நிறுத்து என்று கத்துகிறேன். கருவியில் அலை இல்லை. கம்பி விட்டுப்போயிருக்கிறது.

மச்சாடோ. இறுக்கிப் பிடிங்க தம்பி. ஒரு நிமிஷம் போதும்.

13.58

மேட்டைப் பார்க்கிறேன். ஜன்னலில் தெரிகிறார். உட்கார்ந்திருக்கிறார். கை மடியில் கிடக்கிறது.

14.00

கப்பல் கிளம்பியிருக்கும். இனிமேல் காரீயம் என்று எழுதுங்கள். ஈயம் என்று யாரும்