கால் எட்டிய மோட்டார் சைக்கிள்

12 ஆவணி 1995, சனி

இன்று புதுக்குடியிருப்பில் மோட்டார் சைக்கிள் எடுத்தாயிற்று. என் முதலாவது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

விற்றவர் இரண்டைக் காட்டினார். சின்னச் சிவப்பில் ஏறி இருந்தபோது என் கால் இரண்டும் நிலத்தில் பதிந்தன. பெரிய நீலத்தில் நுனிவிரல்தான் பட்டது. பெற்றோல் கிடைக்காத காலம். அவர் மருந்தூசியால் அதில் நாலு சொட்டை மட்டும் காபரேற்றருக்குள் அடித்து உதைத்தார். பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார். சிவப்பு சிணுங்கியது. நீலம் தடதடவென்று வெள்ளைப் புகை கக்கியது.

"இதை எடு பிள்ளை" என்றார் கூட வந்த அப்பா.

"கால் எட்டேல்லை அப்பா. விழுந்திடுவன்."

அவர் கேட்கவில்லை. புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு கை பின்னால், சுக்கானைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தது. எங்கள் வள்ளத்தின் இயந்திரமும் மண்ணெண்ணெயில், இதே சத்தத்தோடுதான் ஓடும். விடியப்புறம் அது கேட்டதும் நான் கரைக்கு ஓடுவேன். அதைக் கரையில் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்து ஐந்து வருடமாகிறது.

நான் சிவப்பைத்தான் எடுத்தேன். என்ன செய்ய, நாளாந்தம் முள்ளியவளைக்குப் படிப்பிக்கப் போகவேண்டியவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சமாதானப்படுத்த நினைத்தேன். "இதுக்கு எங்கட வள்ளத்தின்ர பேரையே வைப்பமா அப்பா?"

அவர் மோட்டார் சைக்கிளின் சீற்றில் இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. அந்தப் பேர்க்காரி அங்க கரையில கிடக்கிறாள்."