அவன் தண்ணீர் கேட்கவில்லை, மச்சான்

மச்சான், இதை எழுதும்போதும் என் கையில் பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. சுவரில் ஈரம் ஏறிவிட்டது, வெள்ளையடிக்க வேண்டும் என்று அக்கா போன வாரம் உங்கள் புத்தக அலமாரியைக் கழற்றச் சொன்னாள். பின்பலகையை நெம்பினேன். பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு புத்தகம் காலடியில் விழுந்தது. அந்த நாவல்தான். உள்ளே 'முதற்பதிப்பு' என்று போட்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பலகையை அடித்தவன் நானே. "ஈரம் ஏறுது மாப்ளே, பின்னாடி ஒரு பலகை அடிச்சுக் குடு" என்றீர்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நீங்களே பலகையை நிறுத்தி வைத்திருந்தீர்கள். ஆணியை மட்டும் அடித்துவிட்டு, காரைக்குடியில் என்னைப் போல் வேலை செய்ய ஆள் கிடையாது என்று வேறு சொன்னேன்.

நூலகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம் நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது இந்த நாவலைத்தான், மகனைப் பறிகொடுத்தபின் பேச்சையே விட்டுவிடுகிற மனிதனின் கதை. பேசாவிட்டால் மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று நானூறு பக்கம் கேட்கிற புத்தகம் என்பீர்கள். அது படமாக வந்திருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர், படம் நாவலைக் கொன்றுவிட்டது என்றார். பாங்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், படத்தில்தான் தனக்கு அழுகை வந்தது என்றார். ஒரு கல்லூரிப் பெண் இரண்டிலும் தூங்கிவிட்டதாகச் சொன்னாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வலையபட்டியில் அந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்தபோது ஒரு ஜன்னலுக்குக் கொண்டி மாட்டிக் கொடுத்தவன் நான். டைரக்டரே என்னிடம் யோசனை கேட்டார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. எழுந்து, நாவலை மூன்று தடவை வாசித்தவன் என்று ஆரம்பித்தேன். கடைசியில் அவன் ஒரு வீட்டு வாசலில் நின்று, "தண்ணி குடு தாயி" என்று வாய் திறக்கிறானே, அந்தப் பக்கத்தை வாசித்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்றேன்.

சிரிப்பு எழுந்தது. நாவலில் அவன் கடைசிவரை பேசுவதே இல்லை, அது படத்துக்காகச் சேர்த்தது என்று பேராசிரியர் சொன்னார். நின்ற இடத்திலேயே வேர்த்துவிட்டது எனக்கு. அப்போது நீங்கள் எழுந்தீர்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தும் ஒரு பொய் சொல்லாத மனிதர்.

"முதல் பதிப்புல அது இருந்துச்சு. பின்னாடி எடுத்துட்டாக. என்கிட்ட இருந்த பிரதியத்தான் மாப்ளைக்குக் குடுத்தேன்."

சிரிப்பு நின்றுபோனது. திரும்பும்போது வண்டியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "அடுத்த தடவ படிச்சுட்டுப் பேசு மாப்ளே." படமும் புத்தகமும் ஒன்றுதானே மச்சான் என்று நான் சிரித்தேன்.

அடுத்த மாதம் அந்தப் பிரதியைக் கேட்டார்கள். கீழச்சிவல்பட்டியில் ஒருவர் வாங்கிப் போனார் என்றீர்கள். என்னைப் பலகை அடிக்கச் சொன்னதும் அந்த வாரம்தான். அதற்கடுத்த மாதமும் கேட்டார்கள். இல்லாத பஸ்ஸுக்குக் கண்டக்டர் நன்றாக விசில் ஊதுகிறார் என்று யாரோ முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் நீங்கள் நூலகத்துப் பக்கம் போகவில்லை. முழங்கால் வலி என்று அக்காவிடம் சொன்னீர்களாம். உயிராக வைத்திருந்த புத்தகத்தையும் எடுத்துப் புரட்ட முடியாமல் நான் ஆணி அடித்து வைத்துவிட்டேன். தை மாதம் நீங்களும் போய்விட்டீர்கள்.

நேற்று கூட்டத்துக்குப் போனேன். உளிப் பைக்குள் புத்தகம் இருந்தது. எழுந்து நின்றேன். "நான் அதப் படிக்கவே இல்ல. மச்சான் எனக்காகத்தான் பொய் சொன்னாக" என்றேன். என் வாழ்நாளில் ஜோடனை இல்லாமல் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

யாரும் நம்பவில்லை, மச்சான். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். "போன மனுசரத் தூக்கிவிட இப்படி ஒரு கதையா? நீங்க கட்டுனதுலயே இதுதான் நல்லாருக்கு."

பையைத் திறந்திருக்கலாம். ஆனால் கடைசிப் பக்கத்தை அன்றைக்கே அலமாரியடியில் பார்த்துவிட்டேன். திறந்தால் அந்தக் காட்சி அதில் இல்லை என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னது பொய் என்று அச்சிலேயே தெரிந்துவிடும். யாருக்காகச் சொன்னீர்கள் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. இத்தனை வருஷம் வாய்க்கு வந்ததை அளந்த எனக்கு, இந்த ஒன்றை நம்பவைக்க வழி தெரியவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன், கண் சரியாகத் தெரியவில்லை.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். பாதி புரிவதில்லை. கேட்க நீங்கள் இல்லை. இன்றைக்கு நாற்பத்தொன்றாம் பக்கம். அவன் பேச்சை விட்டு மூன்று நாள் ஆகிறது. பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மச்சான், கடைசிப் பக்கத்தில் எப்படியாவது ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுவிடமாட்டானா என்றுதான் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.