சாய்வுப் பாதைக்கு அவசியம் எழவில்லை

மச்சான்,

புயலுக்கு ஊரே ஒதுங்குகிற புயல் கட்டடத்துப் படிகளுக்கு முந்தாநாள் பெயிண்ட் அடித்தார்கள். மழை ஈரத்தில் அது இன்னும் காயவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் அந்த வாசம் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. குடிக்கிற கஞ்சியிலும் அதுதான். படிக்கு மஞ்சள், ஓரத்துக்குச் சிவப்பு. எல்லாம் என்னைப் படம் பிடிப்பதற்காக. எனக்கு டெல்லியில் விருது கொடுப்பதாக இருந்தார்கள் மச்சான். நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சொல்லச் சொல்ல மருமகள் சுமதி எழுதுகிறாள். "மாமா, நீங்க பேசுற மாதிரியே எழுதுனா நல்லா இருக்காது, நான் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்" என்கிறாள். பண்ணட்டும். எனக்குக் கைநாட்டு மட்டும்தானே தெரியும். நம் இரண்டு பேரில் எழுத்து உன்னுடையது, ஞாபகம் என்னுடையது.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் கால் இரண்டையும் எடுத்துக்கொண்டது. நான் கடலுக்குப் போனேன், நீ பள்ளிக்கூடம் போனாய். பிறகு பஸ் நிற்கிற இடத்தில் கடை போட்டு போனுக்கு ரீசார்ஜ் செய்தாய். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தாய். உன் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டை வரைக்கும் போய் வருவாய். யாராவது பாவம் பார்த்தால், "எனக்கு மூணு சக்கரம் இருக்குது, உனக்கு ரெண்டு காலுதான" என்பாய்.

அந்த வண்டி நின்ற இடம் ஒன்றே ஒன்று. புயல் கட்டடத்தின் முதல் படி.

வெள்ளம் உள்ளே வராதபடி அதைத் தூண்கள்மேல் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். இருபத்திரண்டு படிகள். முதல் புயலுக்கு உன்னை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினேன். அப்போது எனக்கு உடம்பில் தெம்பு இருந்தது. பாதிப் படியில் என் காதில் சொன்னாய்: "மெதுவா போ மச்சான், மூட்டை பேசுது." நான் சிரித்தேன். மூன்று நாள் அங்கே இருந்தோம். வண்டி கீழே தண்ணீரில் கிடந்தது. மூன்று நாளும் நீ தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாய். குடித்தால் வெளியே போக வேண்டும், போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும். அது எனக்கு அப்போது புரியவில்லை.

வெள்ளம் வடிந்ததும் முதல் மனுவை எழுதினாய். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை, வண்டி ஏறுகிற மாதிரி. வேறொன்றும் கேட்கவில்லை. எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவாய். "கேக்காம வெக்காத மச்சான், எவனாவது உன் வீட்டையே எழுதி வாங்கிக்குவான்" என்பாய். கலெக்டர் மனு வாங்குகிற திங்கட்கிழமை கடலூருக்கு பஸ் ஏறுவோம். இப்படிப் பதினொரு மனு.

ஏழாவதுக்குத்தான் பதில் வந்தது. கடையில் உட்கார்ந்து படித்தாய். 'புயல் காலங்களில் மாற்றுத்திறனாளிகளைத் தூக்கிச் செல்லத் தங்கள் கிராமத்தில் தன்னார்வலர் இருப்பதால், சாய்வுப் பாதைக்கு அவசியம் எழவில்லை.'

"யாரு மச்சான் அந்தத் தன்னார்வலர்?" என்று கேட்டேன்.

"நீதான்."

"நானா? என்னை யாரும் கேக்கவே இல்லியே."

"லிஸ்ட்டுல போட்டுருக்கான். தூக்குறவர் பேரு, தூக்கப்படுறவர் பேரு. உன் முதுகு இருக்குற வரைக்கும் எனக்கு வழி கெடையாது மச்சான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதைக் கேட்ட பிறகும் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நாள் பெரிய அதிகாரி ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வந்தார். நல்ல வெயில், வானத்தில் ஒரு மேகம் இல்லை. எப்படித் தூக்குவீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார்கள். நீ வேண்டாம் என்று என்னைப் பார்த்தாய். நான் அதிகாரியைப் பார்த்தேன். குனிந்து உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டேன். படம் பிடிக்கிறவர், "இன்னொரு தடவ ஏறுங்க, மேல இருக்குறவரு கொஞ்சம் சிரிங்க" என்றார். இரண்டாவது தடவையும் ஏறினேன். அன்றைக்கு என் காதில் நீ எதுவும் சொல்லவில்லை. டெல்லி வரைக்கும் போனது அந்தப் படம்தான்.

கடைசிப் புயலின்போது உன் வீட்டுக்காரி, தங்கச்சி, ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குச் சிதம்பரம் போயிருந்தது. மத்தியானம் தெருவுக்குள் தண்ணீர் வந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாய்.

"மத்தவங்களப் பாரு. நான் வர்ல."

"வெளையாடாத மச்சான். தண்ணி ஏறுது."

"வர்லன்னா வர்ல. போ."

நான் கதவை உடைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு கிழவியும், கண் தெரியாத அவள் புருஷனும் காத்திருந்தார்கள். கிழவிக்குக் காற்றின் கனம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு, அவர் என் துண்டைப் பிடித்துக்கொள்ள, படியேற்றி விட்டேன். திரும்பினால் தெருவில் மார்பளவு தண்ணீர். என்னை யாரும் இறங்க விடவில்லை. மறுநாள் காலையில் உன் கதவை உடைத்தோம். மேசைமேல் எம்பி ஏறி, உதடு நீலமாக உட்கார்ந்திருந்தாய். அப்புறம் ஆஸ்பத்திரி, சளி, காய்ச்சல். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாய்.

உன் பிடிவாதம்தான் உன்னைக் கொன்றது என்று ஊர் சொன்னது. அந்தப் போட்டோவின் கோபத்தில்தான் நீ கதவைத் திறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

விருது என்று சேதி வந்ததும் முதலில் சிதம்பரத்துக்குத்தான் போனேன். படத்தில் நீயும் இருக்கிறாய், தங்கச்சியைக் கேட்காமல் எப்படி? மகள் வீட்டில் மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது தங்கச்சி. கையைக் கழுவிவிட்டு வந்து காபி கொடுத்தது. நான் போட்டோவைப் பற்றிப் பேச்செடுத்தேன். கோபத்தில்தானே நீ வர மறுத்தாய் என்று கேட்டேன்.

"கோபமா? யாரு சொன்னது?" என்றது. "அன்னிக்குக் காலையில எனக்கு போன் பண்ணாருண்ணே. 'உங்கண்ணன் வாசல்ல உக்காந்து முதுகுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருக்கான். எழுந்துக்கவே ஒரு ஆள் புடிக்க வேண்டியிருக்குது. நான் பாரம் ஜாஸ்தி. நான் ஏறுனா பாதிப் படியில விழுவான்'னு சொன்னாரு. நான் கத்துனேன். போனை வெச்சிட்டாரு."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்குவீங்களா?"

காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஊர் வந்து இறங்கியபோது மனசில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு கிழவனுடைய முதுகைக் காட்டி அவர்கள் பாதை கட்டாமல் இருந்தார்கள். நீ அந்த முதுகைக் காப்பாற்றிவிட்டுப் போனாய். அதே முதுகுக்கு மாலை போட என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் சொன்னதும் மகன் முருகனுக்குப் பிடிக்கவில்லை. "வாங்கிக்கினே கேளுப்பா. டெல்லியில பெரியவங்க இருப்பாங்க, அங்க சொல்லலாமில்ல?" என்றான். டீக்கடையில் ஒருத்தன், "பெருசுக்கு ஏரோப்ளேன்னா பயம்" என்றான். "ஆமாண்டா, அதுலயும் படி இருக்குதாம்" என்றேன். நீ இருந்திருந்தால் இதைவிட நல்ல பதிலாகச் சொல்லியிருப்பாய்.

நேற்று கடலூரிலிருந்து அதிகாரியம்மா வந்தார். நல்ல மனுஷி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். சம்மதக் கடிதமும், என் கைநாட்டுக்காக மை டப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

"உங்க ஊரு முறைய எல்லாக் கடற்கரைக்கும் கொண்டு போகப் போறாங்க ஐயா. ஒவ்வொரு ஊர்லயும் உங்கள மாதிரி ஒருத்தரு."

"அப்ப எந்த ஊர்லயும் சாய்வு கட்ட மாட்டீங்க."

"அது வேற பாலிசிங்க ஐயா. இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. என் பேரைக் காட்டித்தான் அவனுக்கு இல்லன்னு எழுதுனாங்க. புயல் வந்தா இன்னிக்கும் தூக்குவேன், முடிஞ்ச வரைக்கும். அதுக்கு மெடல் குத்திக்க மாட்டேன். நான் வாங்கிட்டா அடுத்த ஊர்ல ஒருத்தன் கதவைச் சாத்திக்குவான்."

அவர் சம்மதக் கடிதத்தை ஓரமாக வைத்தார். பிறகு, "வேணாம்னா காரணத்தை எழுத்துல குடுக்கணும் ஐயா. உங்களுக்கு எழுத வராதே" என்றார்.

"நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

உன் பதினோராவது மனுவைச் சொன்னேன் மச்சான். ஒரு வார்த்தை விடவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா, நான் தூக்கிச் செல்லப்பட விரும்பவில்லை. என் வண்டியில் நானே ஏறிவர விரும்புகிறேன். என்னைத் தூக்குகிற நண்பருக்கும் வயதாகிறது. அவர் என்னைவிட நல்லவர் என்பதால் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.'

அதிகாரியம்மா பேனாவை நிறுத்தினார். "இது யாரு சொன்னது ஐயா?"

"எழுதுங்கம்மா. இன்னும் முடியல."

'சாய்வுப் பாதை வேண்டும் என்று உங்கள் சட்டமே சொல்கிறது. சிமெண்டு மட்டும்தான் பாக்கி. இப்படிக்கு.'

கதவோரம் நின்றிருந்த முருகன் உள்ளே வந்தான். மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். நான் கைநாட்டு வைத்தேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "டெல்லிக்கு அனுப்பிடறேன் ஐயா. ஆனா பதில் வரும்னு என்னால சொல்ல முடியாது."

"வர்லன்னா மறுபடி வாங்கம்மா. இன்னும் பத்து இருக்குது."

பத்து மனுவும் என் ஞாபகத்தில் அப்படியே இருக்கின்றன மச்சான், நீ டீ குடிக்க நிறுத்திய இடங்கள்கூட. சுமதி இந்தக் கடிதத்தை முடித்ததும் முதலாவதை எழுதப் போகிறாள். திங்கட்கிழமை கடலூர் பஸ்சுக்கு முருகன் என்னோடு வருகிறான்.