தோற்பதற்கு ஆடிய ஆட்டம்

மாப்ளே,

இன்று காலை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஸ்ரீவில்லிபுத்தூர் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசைகூடக் காயவில்லை. அதே பழைய விதி: ஒரு பிரிவில் முதலில் வருபவன், அடுத்த பிரிவின் இரண்டாமவனோடு அரையிறுதி ஆட வேண்டும். அங்கேயே நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நாம் ஆடிய அன்றைக்கும் அதுதானே வில்லங்கம். மதுரைக்காரர்கள் வேன் தாமதமாகி முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, அவர்கள் பிரிவில் இரண்டாவதாக வந்து நின்றார்கள். நாமும் சேத்தூர் அணியும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தேறியாயிற்று. நமக்குள் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மதுரையிடம் உதை வாங்க வேண்டும், தோற்றால் அங்கே முதலில் வந்த ஒரு சோப்ளாங்கி டீம். கேப்டன் நான். உன் காதில் சொன்னேன்: "தோத்துருவோம்லே மாப்ளே."

"மில்லு டீமுக்கு ஆள் எடுக்க வாராகளாம்லே. எனக்கு வேலை கிடைக்கும்லே" என்றாய்.

"அவிய நாளைக்கு செமி பாக்கத்தான் வருவாக. அங்க காட்டு உன் வேலையை."

சேத்தூர்க்காரனும் அதே நினைப்பில் வந்திருந்தான். என்ன கூத்து அது! பாடி வந்தவன் யாரையும் தொடாமல் தானாகவே கோட்டுக்கு வெளியே ஓடினான். நீ போனால் பிடிக்க ஒருத்தனும் வரவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு நடுவில் சும்மா நின்றாய். ஜனம் மண்ணை வாரி எறிந்தது. கடைசியில் நீயும் கோட்டைத் தாண்டி ஓடினாய். ஒருவழியாகத் தோற்றோம்.

மில்லுக்காரர் அன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். "இவனுக்கா வேலை?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். மறுநாள் நீ தனியாளாக அந்தச் சோப்ளாங்கி டீமைத் துவைத்து எடுத்தாய். பார்க்க வேண்டியவர் இல்லை.

அப்புறம் பேண்டேஜ் கம்பெனியில் மூட்டை தூக்கினாய், போன ஆவணி வரைக்கும். "ரூல் அப்படி இருந்தா நீ என்னலே செய்வ" என்பாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். நான் சொல்லித்தான் ஓடினாய் என்று உன் வீட்டில்கூட நீ சொன்னதில்லை. இன்றைக்குப் போட்டிக் கமிட்டியில் போய், அரையிறுதிக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். இந்த வருஷமும் எவனாவது ஒருத்தன் தோற்பதற்கு ஆடுவான்.

உன்னைப் பாடையில் தூக்கிய அன்று உன் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்கு மட்டும் இவிய பயந்து வெளிய ஓடாம இருந்திருந்தா மில்லு வேலை கிடைச்சிருக்கும்ல அண்ணே?"

"ஆமாம்மா" என்றேன், மாப்ளே. ஆமாம் என்றுதான் சொன்னேன்.