முப்பத்திரண்டாவது அத்தியாயம்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், சித்தூர் மாநகரில், எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், நேற்றுக் காலை எங்கள் பெட்டைக் கோழி முட்டையிட்டது. தாயும் முட்டையும் நலம். கோழியை விரட்டிவிட்டுப் பார்த்தால், அது உட்கார்ந்திருந்தது நம்முடைய படகோட்டிக் கதையின் மேல்.

‘நம்முடைய’ என்றால் அத்தை சண்டைக்கு வருவாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவள் அவள்தான். அட்டையைத் திறந்ததும் மைதாப் பசை வாசனை. போன வருஷம் திருப்பதி பஸ்ஸில் இதை மடியில் வைத்துக்கொண்டு வருவேனே, அதே வாசனை.

இதயத்தில் ஏதோ வால்வு சரியில்லை என்று, வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த உன்னை அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் உனக்கு மூச்சு வாங்கியது. அதனால் சனிக்கிழமைதோறும் நான் வந்து வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அலிபிரியில் திருமலைக்குப் படியேறத் தொடங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தமிழில், அவருக்குத் தெலுங்கில், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு ஆட்டம் காட்டினேன்.

புயலில் கடலுக்குப் போன படகோட்டி. கரையில் காத்திருக்கும் மனைவி. அவன் திரும்பி வருவானா? முப்பத்தொரு வாரமும் இதே கேள்விதான். நீ படகோட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உன் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் வார்டுக்குள் நுழையும்போதே கண்டுபிடித்துவிட்டாய்.

“உன் முழியே சரியில்ல. இன்னாடா?”

“முப்பத்தி ஒண்ணோட புக்கு முடிஞ்சிபோச்சுடா. கடைசி வாரம் மட்டும் இல்ல.”

“எங்க போச்சு?”

“பைண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அத்தை கிழிச்சி குடுத்துட்டா. பின்பக்கத்துல கிறிஸ்மஸ் ஸ்டார் செய்யிற வெளக்கம் இருந்துச்சாம். கங்காதர நெல்லூர் சித்தி கேட்டாளாம்.”

நீ சிரிக்கவில்லை. “புதன்கெழம ஆபரேஷன்டா. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.”

பெரியவர் என் கையைத் தொட்டார். “தருவாத ஏமயிந்தி, பாபூ?” அப்புறம் என்ன ஆயிற்று என்று அவரும் கேட்டார். திங்கட்கிழமை வந்து சொல்வதாக இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு கங்காதர நெல்லூருக்கு சைக்கிளை மிதித்தேன். சித்தி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “சர்ச்சுக்குப் போவாம இந்தக் காயிதத்துக்கா வந்த? மொதல்ல உக்காந்து துன்னு” என்றாள். துன்னவில்லை. கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைப் பள்ளிக்கூடத்திலும் சர்ச் வாசலிலும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வழியிலேயே ஒரே மூச்சில் படித்தேன், திங்கட்கிழமை திருப்பதியில் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தேன், ஒரு நர்ஸ்கூட நின்று கேட்டாள் என்று.

நீ தாளைக் கேட்டாய். “சித்தி குடுக்கல. மனசுல ஏத்திக்கினு வந்துட்டேன்” என்றேன். நாலாம் நாள் விடியலில் படகு தெரிந்தது, மனைவி இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள், அவன் இளைத்திருந்தான், ஆனால் சிரித்தான் என்றேன்.

“வந்து இன்னா துன்னான்?”

“களி. களியும் வேர்க்கடலைத் தொவையலும்.”

“கடலோரத்துக்காரன் ஊட்ல நம்மூரு களியாடா?”

“அந்த ஊர்ல கெடைக்கிதுடா. உனக்கு இன்னா?”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையணையில் சாய்ந்தாய். “சரி. நல்லா கீது. இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். பெரியவருக்கும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

புதன்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

அந்தக் கதை என்னை உருப்படாமல் செய்துவிட்டது. நைனா கடைக்குப் போனாலும் “எப்ப வருவ?” என்கிறேன். பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். அடுத்தவன் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு கதி.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதைப் படிக்கவே இல்லைடா. கங்காதர நெல்லூரிலிருந்து வரும் வழியில் ஒரு மடிப்பு பிரித்தேன். ஸ்டார் படம் தெரிந்தது. திருப்பிப் பார்க்கக் கை வரவில்லை. அவன் வரவில்லை என்று எழுதியிருந்தால் என் முழியைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுவாயே. உன்னிடம் ஒப்பித்தபோது தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இப்போது அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. நேற்றும் எடுத்தேன், மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். படகோட்டி வந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்குக் களி போட்டது நான் என்பது மட்டும்தான் தெரியும்.